மூடி மூடித் திறந்த லேப்டாப்

நாகர்கோவிலில் ஒரு குரு இருந்தாள். வயது இருபத்துமூன்று. பெயர் மீனலோசனி. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் மாடிதான் அவளுடைய ஆசிரமம். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே மொழி சொல்லிக்கொடுத்தாள். படிக்க வந்தவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் ஜப்பான்காரர்கள் ஆசிரியரை அழைப்பதுபோல 'சென்சே' என்றே கூப்பிட்டார்கள்.

அந்தச் சீடர்களில் ஒருத்தி எமரன்சி. நர்ஸ். அவளுடைய இரண்டரை வயது மகள் அமலி, பகலெல்லாம் கீழே காப்பகத்தில் இருப்பாள். எமரன்சியிடம் தம்பி கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. விண்டோஸைத் தாங்காது என்று அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான்.

ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு எமரன்சி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"சென்சே, நான் செத்தேன்."

"உக்காந்து சாகுங்க அக்கா."

"பன்னிரண்டு மணிக்குள்ள என்னைப் பத்தி ஜப்பான் மொழியில அடிச்சு அந்த ஜப்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இல்லன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும். இந்த லேப்டாப்புல ஒரு ஜப்பான் எழுத்துகூட வரமாட்டேங்குது. ஜப்பான் எழுத்து அடிக்க 'மொசுக்'னு ஒண்ணை ஏத்தச் சொன்னீங்க. ஏத்தினேன். மொழிப் பட்டியல்ல அதோட பேரே இல்ல."

"எப்ப ஏத்தினீங்க?"

"திங்கக்கிழமை. நேத்து மறுபடி. இன்னைக்கும்."

"அது என்ன சொல்லுது?"

"'ஏற்கெனவே இருக்கிறது'ங்குது. பச்சைப் பொய்."

குரு சிரித்தாள். "நான் எழுதிக் கொடுத்த தாள்ல கடைசி வரியைப் படிச்சீங்களா?"

"லாக் அவுட் பண்ணணும்னு இருந்துச்சு."

"பண்ணீங்களா?"

எமரன்சி லேப்டாப்பை மாரோடு அணைத்துக்கொண்டாள். "வெளிய போனப்புறம் மறுபடி உள்ள விடலன்னா? மூணு நாளா பார்த்துப் பார்த்துச் செஞ்சதெல்லாம் போயிட்டா?"

"அப்ப வேலை முடிஞ்சதும் என்ன செய்வீங்க?"

"சத்தம் போடாம மூடிடுவேன். காலையில திறந்தா, விட்ட இடத்துலயே நிக்கும்."

அப்போது கீழேயிருந்து ஒரு வீறல். எமரன்சி விறைத்துப்போனாள்.

"அமலியா?"

"ஆமா. தினமும் இந்தக் கூத்துதான்."

"எப்படி விட்டுட்டு வந்தீங்க?"

"ஆயா பொம்மையைக் காட்டி அவளைத் திருப்பினாங்க. நான் பின்பக்கமா நழுவிட்டேன். சொல்லிட்டு வந்தா காலைக் கட்டிக்குவா."

குரு லேப்டாப்பை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"கீழ போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க."

"இப்பவா? மணி பத்தே முக்கால்!"

"இப்பத்தான்."

"உனக்கென்ன பொண்ணே, பிள்ளையா குட்டியா..." எமரன்சி மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். எவ்வளவு சின்னப்பெண் ஆனாலும் குரு குருதான்.

கீழே அமலி ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எமரன்சி பயந்தபடியே, ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். எமரன்சி முட்டிபோட்டு உட்கார்ந்தாள். இப்படி உட்கார்ந்து மகளிடம் அவள் இதுவரை விடைபெற்றதே இல்லை.

"அம்மா மாடியிலதான் இருக்கேன். நீ சாப்பிட்டதும் வந்துடுவேன். போயிட்டு வரேன், என்ன?"

அமலி யோசித்தாள். "வருவியா?"

"வருவேன்."

"பிஸ்கட்டு கொண்டு வா." கையை எடுத்துவிட்டு, இன்னொரு செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

இவ்வளவுதானா என்றிருந்தது எமரன்சிக்கு. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று காதுகொடுத்தாள். அழுகை இல்லை.

மேலே குரு லேப்டாப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எமரன்சி சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் சேமித்தாள். லாக் அவுட்டை அழுத்தினாள். திரை கறுத்தது.

"போச்சு."

"பொறுங்க. வெளிய போயிட்டு வந்தாத்தான் புதுசா ஏத்தினது பட்டியல்ல வரும்."

அவள் பெயர் மட்டும் திரையில் வந்து நின்றது. கடவுச்சொல்லை அடித்தாள். உள்ளே எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. மொழிப் பட்டியலைத் திறந்தாள். என்றைக்கும் அங்கேயே குடியிருந்தவன்போல மொசுக் உட்கார்ந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில 'ஏ'யை ஒரே ஒரு தட்டு தட்டினாள். சிலுவையின் அடியில் கயிறு சுற்றிக்கொண்டதுபோல ஒரு ஜப்பான் எழுத்து வந்து நின்றது.

"அம்மாடீ!"

கீழேயிருந்து ஒரு குட்டிக் குரல் அதே மாதிரி "அம்மாடீ!" என்று கத்திக்காட்டியது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடிதம் போய்ச்சேர்ந்தது. மீனலோசனி தான் குரு என்பதையே மறந்து மேசையில் தாளம் போட்டாள். எமரன்சி அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

பிறகு எமரன்சி மெல்லச் சொன்னாள். "சென்சே, இடம் கிடைச்சா, ஒரு வருஷம் அமலியை அவ அப்பாகிட்ட விட்டுட்டுப் போகணும்."

"ஆமா."

"ஜப்பான்ல வீட்டை விட்டுக் கிளம்புறப்ப என்ன சொல்லிக்குவாங்க?"

குரு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாக எழுத்தெழுத்தாக அடித்தாள். அடித்ததை வாசித்தும் காட்டினாள்.

"இத்தே கிமாசு."

"அப்படின்னா?"

"கீழ அமலிகிட்ட 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டு வந்தீங்களே அக்கா, அதேதான்."