மங்கலப் பட்சிகளும் தளவாய் தோரணமல்லரும்

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை மகுடகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. அவர் நினைத்ததை நினைத்தபடி செய்துவந்தார். நாடு அதுபாட்டுக்குக் கிடந்தது.

ஒரு சமயம் ராஜாவுக்குப் பல்வலி. மூன்று நாள் அரண்மனை அதிரக் கத்தினார். நான்காம் நாள் யாரோ வாத்து முட்டை அவித்துக் கொடுக்க, தின்றார், வலி நின்றது. முட்டையோடு சேர்ந்து பல்லும் உள்ளே போய்விட்டதால்தான் நின்றது என்று சொல்ல அரண்மனை வைத்தியருக்கு வாய் வரவில்லை.

உடனே ஆற்றங்கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த சடைச்சியை அவளுடைய அறுபது வாத்துகளோடு கூட்டிவந்து அரண்மனைக் கொல்லையில் விட்டார்கள். அந்த வாத்துகள்தான் அவளுக்குச் சோறு, துணி எல்லாம். ராஜா அவற்றுக்கு ‘சமஸ்தான மங்கலப் பட்சி’ என்று பட்டமும் சூட்டினார். காலையில் கொல்லைக் குளத்துப் பக்கம் வந்தால், “சடைச்சி, பட்சிகள் நலமா?” என்று விசாரிப்பார்.

இதுதான் தளவாய் தோரணமல்லருக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாகத் தன்னை ‘ஓய்’ என்றே கூப்பிடுகிற ராஜா, வாத்து மேய்க்கிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? கொல்லையின் காவலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். சுற்றிலும் ஓங்கிய மதில், ஒரே வாசல், வாசலில் நாற்பது வேல்வீரர்கள். போதாதென்று ஓர் உத்தரவும் போட்டார். பட்டம் பெற்ற பட்சி எதிரே வந்தால் அது கடந்து போகும்வரை வீரர்கள் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

“தளவாய் ஐயா, மதிலெல்லாம் எதுக்கு? பொழுது சாயறதுக்கு முன்னே வாத்தையெல்லாம் பட்டியிலே அடைச்சுக் கதவைச் சாத்தினாப் போதும்” என்றாள் சடைச்சி.

“பட்டம் பெற்றவர்களை அடைப்பதா? ராஜத்துரோகி! இனி சாயங்காலம் நீ கொல்லையில் இருக்கக் கூடாது” என்று விரட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் ஒரு வாத்து காணாமல் போயிற்று. எட்டு நாளில் எட்டு வாத்து. ஒன்பதாம் நாள் தளவாய் சபையில் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார்.

“மகாராஜா, என் வீரர்களைத் தாண்டி ஒரு பூனைக்குட்டிகூட உள்ளே வர முடியாது. அப்படியானால் தின்றது யார்? மேய்க்கிறவளே தின்றிருக்கிறாள்!”

“நாளைக்குள் திருடனைக் காட்டு” என்றார் ராஜா சடைச்சியிடம். “காட்டாவிட்டால் மொட்டையடித்து எல்லைக்கு வெளியே துரத்துவேன். மிச்ச வாத்துகள் தளவாய்க்கு.”

முட்டையிலிருந்து வந்த நாள் முதல் கையில் வைத்து வளர்த்த வாத்துகளை அவளே தின்றாளாம்! சடைச்சி நேரே கொல்லை வாசலுக்குப் போனாள். வாசல் மண்ணில் நரியின் கால்தடம் அச்சடித்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே வெள்ளை இறகு. மதிலேறியும் வரவில்லை, வளை தோண்டியும் வரவில்லை, ராஜபாட்டை வழியாகவே வந்து போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வாத்து ஆடி அசைந்து வாசலுக்கு வர, நாற்பது தலையும் ஒன்றாகக் குனிந்தன. சடைச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் அவள் ஒரு வாத்தை இடுக்கிக்கொண்டு, தலையில் புல்லுக்கட்டோடு சபைக்கு வந்து நின்றாள்.

“திருடன் எங்கே?” என்றார் ராஜா.

“சொல்றேன் சாமி. அதுக்கு முன்னே தளவாய் ஐயாவோட வீரவாள் எங்கே இருக்குன்னு கேளுங்க.”

“ஆயுதசாலையில், பன்னிரண்டு பேர் காவலில்!” என்று கர்ஜித்தார் தோரணமல்லர்.

சடைச்சி புல்லுக்கட்டை இறக்கிப் பிரித்தாள். உள்ளே தளவாயின் வாள். ராஜா ஆயுதசாலைக் காவலன் ஒருவனை இழுத்துவரச் சொன்னார்.

“இவள் வாளை எடுத்துப் போனதைப் பார்த்தாயா?”

“இல்லை மகாராஜா. மங்கலப் பட்சி வந்தது, குனிந்துகொண்டோம். சேறு அப்பிய ரெண்டு மனுஷக் கால் மட்டும் தெரிந்தது.”

“கொல்லை வாசல்காரன் ஒருத்தனையும் கூப்பிட்டுக் கேளுங்க சாமி” என்றாள் சடைச்சி. வந்தான்.

“சாயங்காலம் வாசலில் நீ என்ன பார்த்தாய்?”

“பட்சிகள் அந்நேரம் வாசலில்தான் உலாத்தும், மகாராஜா. தலை நிமிரவே நேரமிருக்காது. தினமும் ஒரு பட்சி மட்டும் வெளியே போகும். அப்போது நாலு கால் தெரியும்.”

“நாலு காலா! வாத்துக்கு எத்தனை கால்?”

“ரெண்டு, மகாராஜா.”

“பிறகு ஏனடா சொல்லவில்லை?”

“பட்டம் பெற்றவர்களின் காலை எண்ணுவது மரியாதையா, மகாராஜா? நரி வாயில் இருந்தாலும் அது மங்கலப் பட்சிதானே!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. எட்டு நாளும் நரிக்கு நாற்பது வீரர்களின் வணக்கம் கிடைத்திருக்கிறது. ராஜா அந்த நிமிஷமே வாத்துகளின் பட்டத்தைப் பறித்தார். இனி தினமும் சாயங்காலம் தோரணமல்லரே வாத்துகளைக் கூப்பிட்டுப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அன்று சாயங்காலம் ஊரே கூடிவிட்டது. “வருக, வருக!” என்றார் தளவாய் வீரக் குரலில். ஒரு வாத்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

“வெக்கப்படாம, பக்... பக்... பக்னு கூப்பிடுங்க ஐயா” என்றாள் சடைச்சி.

மீசை துடிக்க, “பக்... பக்... பக்...” என்றார் தாழைநாட்டுத் தளவாய். வாத்துகள் வரிசையாக உள்ளே போயின. ஒன்றுகூடக் குறையவில்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பார்த்தாயா சடைச்சி, என் அரண்மனையில் எவ்வளவு பெரிய முட்டாள் இருந்திருக்கிறான்!”

“வாத்துக்குப் பட்டம் கொடுத்தவங்களையும் சேர்த்துச் சொல்றீங்களா சாமி, இல்லே விட்டுட்டுச் சொல்றீங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் அவள்.

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் சடைச்சிக்கு ஓர் ஓலை வந்தது. அவள் வாத்துகள் அவளுக்கே. மேய்ச்சலுக்கு ஒரு பெரிய குளம் மானியம். அந்தக் கேள்வியை வேறு யார் காதிலும் போடக் கூடாது என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. அதற்குள் சடைச்சி ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.