தட்டிவிட்ட கை

ஜெசிந்தா பயிற்சி மையத்துக்குள் நுழைந்தபோது, இத்ரீஸ் மாஸ்டர் தரையில் உட்கார்ந்து புகை இயந்திரத்தின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த கடிதத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"படிங்க மாஸ்டர்."

"கை அழுக்கா இருக்கு. நீங்களே சொல்லுங்க."

"நான் மன்னிப்புக் கேட்கணுமாம்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "யார்கிட்ட?"

"அதைத்தான் கேட்க வந்தேன். யார்கிட்டக் கேட்கணும், எதுக்குக் கேட்கணும்?"

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்து பதினெட்டு வருடம். சொந்த ஊர் தூத்துக்குடி. கோபம் வந்தால் அந்த ஊர் அவள் பேச்சில் எட்டிப் பார்க்கும். இத்ரீஸுக்கு அவளைவிட ஐந்து வயது குறைவு. விமான நிலையத் தீயணைப்புப் படையில் இருந்துவிட்டு, இப்போது விமான ஊழியர்களுக்குப் புகைப் பயிற்சி கொடுக்கிறவர். ஆறு வருடமாக ஆண்டுக்கு ஒரு முறை அவள் அவரிடம்தான் வந்து, புகைக்குள் தவழ்ந்து, தேறிப் போகிறாள். வயது குறைந்தவர்தான், ஆனால் அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

அன்றைக்குப் பேசினாள்.

நடந்தது இதுதான். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து சென்னை வந்த காலை விமானம். நூற்று அறுபத்திரண்டு பயணிகள். இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பதினான்காவது வரிசைக்கு மேலே, பெட்டி வைக்கும் இடத்தின் மூடி இடுக்கிலிருந்து புகை கசிந்தது. யாரோ ஒருவருடைய பவர் பேங்க். ஜெசிந்தா புகைக்கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டாள். புறங்கையால் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. நான்கு விரல் அளவுக்கு மட்டும் திறந்து, தீயணைப்பானை உள்ளே பீய்ச்சி, உடனே மூடினாள். பக்கத்தில் இருந்தவர்களை எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றும்படி இன்னொரு பணிப்பெண்ணிடம் சொன்னாள். கேப்டனிடம் தகவல் சொன்னாள். எல்லாரையும் குனிந்து, மூக்கில் துணியை வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

விமானம் இறங்கி நின்றபோது புகை மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை கறுப்பாக. கேப்டன் எல்லாரையும் வெளியேற்றச் சொன்னார். அவள் முன்கதவைத் திறந்தாள். கதவிலிருந்து தரைவரை காற்றடைத்த ரப்பர் சறுக்கு விரிந்தது.

மூன்றாவது வரிசையில் ஒருவர் நின்றுவிட்டார். பெயர் நடேசமூர்த்தி. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. மேலே கையை நீட்டித் தன் பையை இழுத்துக்கொண்டிருந்தார். பை எதிலோ மாட்டிக்கொண்டு வரவில்லை. அவருக்குப் பின்னால் வழி முழுக்க ஆட்கள். அவர் முதுகை ஒட்டி ஒரு பெண், தோளில் கைக்குழந்தை. குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. பிறகு இருமவில்லை.

ஜெசிந்தா இங்கிலீஷில் இரண்டு தடவை கத்தினாள். அவர் காதில் ஏறவில்லை. மூன்றாவது தடவை வாயில் தமிழ்தான் வந்தது.

"விடு. போ."

அவர் விடவில்லை. அவள் கதவை விட்டு உள்ளே பாய்ந்து, அவர் கையை ஓங்கித் தட்டிவிட்டாள். சட்டையைப் பிடித்து இழுத்துவந்து சறுக்கில் தள்ளினாள். அவர் ஏடாகூடமாக விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. குழந்தை வெளிக்காற்று பட்டதும் அழுதது. மற்ற நூற்று அறுபத்தொரு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

"இதை யாராவது எழுதியிருக்காங்களா இந்தக் கடுதாசியில?" என்றாள் ஜெசிந்தா. "ஒரு வரி? ஒருமையில பேசினேனாம். கையில அடிச்சேனாம். பயணியோட மனசு புண்படும்படி நடந்துக்கிட்டேனாம். மனசு புண்பட்டுதாம் மாஸ்டர். நுரையீரல் புண்படாம வெளிய வந்தாரே, அது யாரால?"

இத்ரீஸ் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வீடியோ வேற. பின்னாடி நின்ன எவனோ எடுத்திருக்கான். உயிர் போற நேரத்துல போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கான், அவனை யாரும் கேட்கல. பதினோரு விநாடி. அதுல புகையே தெரியல. என் கைதான் தெரியுது. ஊரே பார்த்திருச்சு. எங்க அண்ணன் மகள் போன் போட்டு, அத்தை நீங்களான்னு கேட்குறா."

"ம்."

"இதை எழுதின மேலதிகாரி ஒரு நாளாவது புகைக்குள்ள நின்னிருப்பாரா? ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, கனிவாகப் பேசியிருக்கலாமேன்னு எழுதுறாரு. கனிவா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மன்னிப்புக் கடிதம் வரலைன்னா இனிமே பறக்க முடியாது. நான் எழுத மாட்டேன். வேலையை வேணும்னா விட்டுட்டுப் போறேன்."

"அவர் பையில என்ன இருந்துச்சு?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. "யார் பையில?"

"திருப்பூர்க்காரர் பையில."

"எனக்கெப்படித் தெரியும்? எது இருந்தா என்ன? தங்கக்கட்டியே இருக்கட்டுமே. பின்னாடி ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்குது, இந்த மனுஷன் பையை இழுத்துக்கிட்டு நிக்கிறாரு. மனுஷனா அவரு? படிச்சவரு, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறவரு. மூளை வேணாம்? நாங்க ஒவ்வொரு தடவையும் சொல்றோமே, எல்லாத்தையும் விட்டுட்டு வாங்கன்னு. காதுல விழலையா? நான் கேட்கிறது ஒண்ணுதான் மாஸ்டர். அப்படிப்பட்ட ஆள்கிட்ட நான் மன்னிப்புக் கேட்கணுமா?"

இத்ரீஸ் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவே பயிற்சி விமானம் நின்றது. பாதி விமானம்தான். இறக்கை கிடையாது, வால் கிடையாது. உள்ளே எட்டு வரிசை இருக்கை, ஒரு கதவு, கதவுக்குக் கீழே ஒரு சறுக்கு.

"மூணாவது வரிசையில போய் உட்காருங்க."

"மாஸ்டர், எனக்கு இப்போ பயிற்சி செய்யற மனநிலை இல்ல."

"பயணியா உட்காருங்க. பெல்ட் போட்டுக்குங்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். கைப்பையை முன்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். விளக்குகள் அணைந்தன.

புகை வந்தது. பயிற்சிப் புகைக்கு லேசான இனிப்பு வாசனை உண்டு, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. அவளுக்கு அது பழகிய வாசனை. ஒரு நிமிடத்தில் முன்னிருக்கை மறைந்தது. அப்புறம் தன் கையே தெரியவில்லை. அவள் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல காரமான பதில்கள்.

ஒலிபெருக்கியில் இத்ரீஸின் குரல் கேட்டது. அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. நகைக்கடை விளம்பரம்போல இருந்தது.

"அன்பார்ந்த பயணிகளே. தயவுசெய்து உங்கள் உடைமைகளை அப்படியே விட்டுவிட்டு, அருகிலுள்ள கதவு வழியாக வெளியேறுமாறு கனிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். கோபம் இன்னும் ஏறியது. பெல்ட்டைக் கழற்றினாள். குனிந்தாள். இருக்கை முதுகுகளைத் தடவி எண்ணினாள். மூன்று, இரண்டு, ஒன்று. சுவர், கதவின் விளிம்பு, காற்று. உட்கார்ந்து சறுக்கினாள். கீழே காலூன்றி நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

இத்ரீஸ் கையில் கடிகாரத்தோடு நின்றார்.

"பதினாறு விநாடி," என்றார்.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவேன் மாஸ்டர். பதினெட்டு வருஷம். இதை எதுக்கு இப்போ..."

அவர் அவளைத் தாண்டிப் போய்ச் சறுக்கின் அருகே குந்தினார். மேலிருந்து கீழ்வரை அதன் ரப்பர் துணியில் புதிதாக ஒரு நீளக் கோடு விழுந்திருந்தது. வெள்ளையாக, ஒரு முழத்துக்கு மேல். அவர் விரலை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தை அல்ல, தோளை.

ஜெசிந்தாவும் தன் தோளைப் பார்த்தாள்.

கைப்பை தோளில் தொங்கியது. அதன் இரும்புக் கொக்கியில் ரப்பர் துகள் ஒட்டியிருந்தது.

அதை எப்போது குனிந்து எடுத்தாள், எப்போது தோளில் மாட்டினாள், ஒன்றுமே நினைவில்லை. பெல்ட்டைக் கழற்றியது நினைவிருந்தது. இருக்கைகளை எண்ணியது நினைவிருந்தது. பையை எடுத்தது மட்டும் இல்லை. கைக்கு அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்ல மாஸ்டர்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வீட்டுச் சாவி. ஒரு சீப்பு. பாதி பிஸ்கட் பாக்கெட்."

அவர் தலையசைத்தார்.

"விட்டுட்டு வாங்கன்னு நீங்க சொன்னது காதுல நல்லா விழுந்துச்சு. சிரிப்புக்கூட வந்துச்சு." அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள். "நானே எடுத்துட்டு வந்திருக்கேனே."

புகை பயிற்சி விமானத்தின் கதவு வழியாக வெளியேறி, கூடத்தின் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இத்ரீஸ் துணியை எடுத்து மறுபடி குழாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தக் கடிதத்துல நான் என்னதான் எழுதறது?" என்றாள் கடைசியில். "தப்புன்னு எழுதட்டுமா, சரின்னு எழுதட்டுமா?"

"அவர் கையைத் தட்டிவிட அன்னிக்கு ஒரு ஆள் இருந்தாங்க," என்றார் இத்ரீஸ். "இன்னிக்கு உங்க கையைத் தட்டிவிட யாரும் இல்ல. அதை எழுதுங்க."