பொறுப்பானவர் பெயர்

மடத்துக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். ஆபீஸையும் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறவர் சிதம்பரதாணு ஒருவர்தான்.

நாடு முழுக்கக் கம்பி இழுத்திருந்த பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றில் அவர் எஞ்சினியர். மலையடிவாரத்து ஊரின் எக்ஸ்சேஞ்ச் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே தொண்ணூறு பேர் வேலை பார்த்தார்கள். போன் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ஆறு வருஷம் காத்திருந்தார்கள். இப்போது ஊழியர்கள் ஏழு பேர். மாடியில் புறா அடைகிறது. போனைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க மட்டும்தான் ஆட்கள் வருகிறார்கள்.

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அதிகாரிகளால் கெட்டது என்று ஊழியர்கள் சொன்னார்கள். ஊழியர்களால் கெட்டது என்று அதிகாரிகள் சொன்னார்கள். டீக்கடையில் எல்லோரும் சேர்ந்து தலைமை அலுவலகத்தைத் திட்டினார்கள். திட்டி முடித்ததும் தனித்தனியாக நடந்து ஆபீசுக்குத் திரும்பினார்கள்.

மடத்தை நடத்திவந்தவரை எல்லோரும் அம்மை என்று கூப்பிட்டார்கள். வயதில் தாணுவைவிட எட்டு வருஷம் இளையவர். நாலு வருஷமாக அவரைத்தான் தாணு குருவாக நினைத்திருந்தார். அம்மையோ அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். தாணு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"என்னது அண்ணாச்சி?"

"தலைமை அலுவலகத்துல இருந்து வந்த படிவம். இந்த வட்டாரத்துல எதனால வாடிக்கையாளர் போனாங்கன்னு எழுதணும். நாளைக்கு அனுப்பணும்."

"எழுதிட்டீங்களா?"

"காரணமெல்லாம் எழுதியாச்சு. கடைசியில ஒரு கட்டம் இருக்கு. பொறுப்பானவர் பெயர்."

அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு?"

"ஞானசிகாமணின்னு ஒருத்தன். கேபிள் ஒட்டுறவன். போன் வேலை செய்யலன்னு புகார் வந்தா போகமாட்டான். கேட்டா, ஜீப் இல்ல, கேபிள் இல்ல, கையை வச்சு ஒட்டவான்னு கேப்பான். மத்தியானம் ஸ்டோர் ரூம்ல படுத்துக் கிடப்பான். நான் சொல்றது ஒண்ணுகூடப் பொய்யில்ல, அம்மை."

தாணு சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. போன மாதம் ஒருவருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. ஞானசிகாமணி மைக்கைப் பிடித்து, "இந்த ஆபீஸைக் கரையான் அரிக்கல, ஏ.சி. ரூம்ல இருந்தவங்கதான் அரிச்சாங்க" என்றான். சொல்லும்போது தாணுவைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தாணுவும் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"பேரை எழுதினா அவருக்கு என்ன ஆகும்?"

"கட்டாய ஓய்வு. இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு அவனுக்கு."

"உங்க பேரு அந்தப் படிவத்துல வருமா?"

"வரும். கீழே, கையெழுத்து போடுற இடத்துல."

அம்மை உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்.

"நான் ஒரு இடத்துக்குப் போகணும். கூட வாரீங்களா?"

"நான் கேட்டதுக்கு..."

"நடந்துக்கிட்டே பேசலாம்."

ஆனால் நடக்கும்போது அம்மை பேசவில்லை. கால்வாய்க் கரையோரமாகப் பாதை போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மைக்கு வலது முழங்காலில் வலி. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆட்டோ பிடிக்கலாமா என்று தாணு கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தார்.

இரண்டு மைல் தாண்டி ஓட்டு வீடு ஒன்று வந்தது. முற்றத்தில் எழுபது வயதுக்காரி ஒருத்தி சுளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வந்தியா?"

"வந்தேன் கோலம்மக்கா."

"கூட யாரு?"

"டெலிபோன் ஆபீஸ்ல எஞ்சினியர்."

கோலம்மாள் எழுந்துபோய் ஒரு முக்காலியும் செம்பு நிறையத் தண்ணீரும் கொண்டு வந்தாள். இரண்டையும் தாணுவிடம் கொடுத்தாள். அம்மை வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். தாணு செம்பை அவர் பக்கம் நீட்டினார். அம்மை லேசாகத் தலையாட்டி மறுத்துவிட்டார். இரண்டு மைல் நடந்து வந்ததில் அவர் உதடு உலர்ந்திருந்தது.

"உங்களுக்கு அங்க என்ன வேலை? கம்பத்துல ஏறணுமா?" என்று கோலம்மாள் கேட்டாள்.

"இல்ல. மேசை வேலை. எழுதுறதுதான்."

"எழுதுறவங்க நல்லா இருக்கட்டும்" என்றாள் கோலம்மாள்.

மறுபடி சுளவைத் தட்ட ஆரம்பித்தாள். கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அம்மையைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன வாரம் பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விடப் போனேன். அங்க ஒருத்தி கேக்கா, மடத்து மரத்தைக் கொன்னது நீங்கதானே பாட்டின்னு. அவளுக்கு இருபது வயசுகூட இருக்காது. மரத்தையே பாத்திருக்கமாட்டா."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். எத்தன பேருகிட்ட இல்லன்னு சொல்ல?"

அம்மை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். கோலம்மாள் அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. வரச் சொல்லவும் இல்லை. அம்மை கையை ஊன்றி எழுந்தார்.

திரும்பும் வழியில் தாணுவால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மரம், அம்மை?"

"மகிழ மரம். மடத்து முற்றத்துல நின்னுச்சு. முந்நூறு வருஷ மரம்னு சொல்வாங்க. அதைக் கும்பிடத்தான் வெளியூர்ல இருந்து ஆளு வரும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால பட்டுப் போச்சு."

"எதனால?"

"பக்கத்துத் தோப்புல ஆழமா போர் போட்டாங்க. ரோட்டை அகலப்படுத்தும்போது ஒரு பக்கத்து வேரை வெட்டினாங்க. மடத்து டிரஸ்ட் தலைவர் சேறாகுதுன்னு முற்றம் பூரா சிமென்ட் பூசினாரு. வண்டும் விழுந்திருந்தது. வயசும் ஆயிருந்தது."

"பிறகு?"

"டிரஸ்ட்ல இருந்து கடிதம் வந்தது. யாரோட கவனக்குறைவுன்னு கேட்டு. மடத்துக்குக் கடுதாசி எழுதுற வேலை அப்ப எனக்கு. கோலம்மக்கா மடத்துல சமையல். கொதிக்கிற வடிகஞ்சியைக் கொண்டுவந்து அந்த மரத்து மூட்டுல, வேர் மேலதான் கொட்டுவா. கொட்டாதீங்கன்னு நான் பலதடவை சொல்லியிருக்கேன். கேக்கமாட்டா. எனக்கும் அவளுக்கும் ஆகாது. கஞ்சியில உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னதுக்கு, பத்துப் பேருக்கு முன்னால என்னைப் பாத்து, நீ எழுதுற எழுத்தைவிட என் கஞ்சி பரவாயில்லன்னா."

தாணு நடையை நிறுத்தினார்.

"நான் அவ பேரை எழுதினேன்" என்றார் அம்மை. "பொய்யா எழுதல அண்ணாச்சி. அவ கஞ்சி கொட்டினது நிஜம்."

கால்வாயில் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் பாட்டில்கள் கிடந்தன. ஒரு புளிய மரத்தடியில் அம்மை கல்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"அவளை வெளியே அனுப்பினாங்க. டிரஸ்ட்ல எல்லாருக்கும் நிம்மதியா இருந்தது. எனக்கும்தான். ரெண்டு மாசம் நல்லாத் தூங்கினேன். அவளை யாரும் சமையலுக்குக் கூப்பிடல. சாமி மரத்தைக் கொன்ன கைன்னு சொல்லிட்டாங்க. மகளுக்குப் பேசிவச்ச மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விலகிட்டாங்க."

"நீங்க மன்னிப்புக் கேக்கலையா?"

"கேட்டேன். மூணாவது மாசமே போய்க் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டிரஸ்ட்டுக்கும் மறுபடி எழுதினேன், காரணம் அவ இல்லன்னு. அதை யாரும் வாசிக்கல. முதல் வருஷம் அரிசி கொண்டு போனேன். கோழிக்குப் போட்டா. பிறகு இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வெறுங்கையோடதான் போறேன்."

"எதுக்குப் போகணும்? மன்னிச்சாச்சுல்லா?"

"ஞாயித்துக்கிழமை மகளும் பேத்தியும் சர்ச்சுக்குப் போயிருவாங்க. கலியாணத்துக்குப் பிறகு மக வேதத்துல சேந்துட்டா. இவ தனியா இருப்பா."

தாணு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வியர்வையில் காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர் ரூமில் படுத்துக் கிடக்கும் ஞானசிகாமணியை நினைக்க முயன்றார். மைக்கைப் பிடித்தபடி பார்த்த பார்வைதான் நினைவுக்கு வந்தது. கோபம் குறையவில்லை. களைப்பாக இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், எக்ஸ்சேஞ்சுக்குப் புதுக் கருவி வேண்டுமா என்று தலைமை அலுவலகம் கேட்டபோது, இப்போதைக்குத் தேவையில்லை என்று எழுதி அனுப்பியதும் எதனாலோ நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அம்மை, நாளைக்குப் படிவம் போகணும். கட்டத்தைக் காலியா விட்டா திருப்பி அனுப்புவாங்க. நான் எழுதட்டுமா, வேண்டாமா?"

"எழுதணும்னு இருந்தா எழுதுங்க, அண்ணாச்சி."

தாணு இதை எதிர்பார்க்கவில்லை. அம்மை புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். ஒரு காலை ஊன்றிப் பார்த்தார். மற்றதையும் ஊன்றினார்.

"ஞானசிகாமணி வீடு எங்க இருக்கு?"

"தெரியாது, அம்மை. முப்பது வருஷமா ஒரே ஆபீஸ். ஒருநாளும் போனதில்ல."

"கேட்டு வச்சுக்கிடுங்க. பக்கத்துல இருந்தா நல்லது. எனக்கு இந்த ரெண்டு மைலே இப்ப முடியல."