மூன்று மெஷின்களும் ஒரு சாமந்தி இதழும்

மரம் அறுக்கும் மெஷினுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காமல் கேளுங்கள். கோம்பைமேட்டு மருதனுக்கு அந்த வருஷம் இரண்டும் ஒரே கவலைதான்.

கோம்பைமேடு காப்பியும் மிளகும் விளைகிற மலையூர். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே ரோடு. ஐப்பசி மழையில் அந்த ரோட்டின் குறுக்கே ஒரு சில்வர் ஓக் மரமாவது சாயாமல் இருக்காது. சாய்ந்தால், யாராவது வந்து அறுத்துத் தள்ளும்வரை ஜீப் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். மருதனின் மனைவி குயிலிக்கு அந்த ஐப்பசியில்தான் டாக்டர் நாள் சொல்லியிருந்தார். தலைப்பிரசவம். "ஜீப்புல நமக்குன்னு ஒரு பவர் சா இல்லாம உன்னையக் கூட்டிட்டுப் போகமாட்டேன் புள்ள" என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். தொட்டில் வாங்குவதற்கு முன்னால் மெஷின் வாங்கக் கிளம்பிய தகப்பன் அந்த மலையில் அவன் ஒருவன்தான்.

எந்த மெஷினை வாங்குவது? அங்கேதான் சிக்கல். கருடன், வெள்ளிவேல், மலையரசன் என்று மூன்று கம்பெனி மெஷின்கள் அந்த மலையில் ஓடின. மூன்றுக்கும் தனித்தனிக் கட்சி. டீக்கடையில் கட்டிப் புரளாத குறைதான்.

மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்று ஆயுத பூஜையன்று மருதன் ரோஸ்லினின் பட்டறைக்குப் போனான். மலையில் பவர் சா ரிப்பேர் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். வருஷா வருஷம் எல்லா மெஷின்களும் சந்தனமும் மாலையும் போட்டுக்கொள்வது அவள் பட்டறையில்தான். நிறைமாதம் என்றும் பாராமல் குயிலியும் தவமணியின் ஜீப்பில் ஏறி வந்துவிட்டாள்.

காப்பித் தோட்டத்துச் சொந்தக்காரர் பெருமாள்ராஜ் தன் கருடனைப் பட்டு வேட்டியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். பிள்ளையைக்கூட அப்படித் தூக்கியிருக்கமாட்டார்.

"வாங்கி எத்தனையோ வருசமாச்சு தம்பி. ரிப்பேருன்னு ஒரு நாளு இங்க வந்திருக்கா? ரோஸ்லினையே கேளு."

"ஆமா, ரிப்பேருக்கு வந்ததே இல்ல" என்றாள் ரோஸ்லின்.

அடுத்தவர் ஆரோக்கியம். மரம் அறுப்பதுதான் அவருக்குத் தொழில். வெள்ளிவேல் தினமும் அவர் கையில் உறுமியது. "இது மழையிலயும் நிக்காது, குளிர்லயும் நிக்காது. ஆனா என் கைக்குத்தான் கட்டுப்படும். ஸ்டார்ட் பண்ற கயித்த எந்த நேரத்துல சுண்டணும்னு எனக்கும் அதுக்கும்தான் தெரியும். என் மருமகன் காலையிலேருந்து இழுத்துப் பாத்தான், ம்ஹூம்!" என்று மீசையைத் தடவினார்.

மூன்றாவது மெஷின், இருளாண்டியின் மலையரசன். பெயிண்ட் போய், கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அன்றைக்குக்கூட அதை இரவல் வாங்கிப் போனது ஒருவர். பூஜைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவந்து வைத்தது வேறொருவர். இருளாண்டி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அதுவா? மாசம் தவறாம பட்டறையிலதான் கெடக்கும்" என்று பெருமாள்ராஜ் சிரித்தார்.

"நெசந்தான். காலையில வரும், சாயங்காலம் போயிரும்" என்றாள் ரோஸ்லின்.

"எது நல்லதுன்னு நீயே சொல்லுக்கா" என்று மருதன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. மலையரசனுக்கு வேண்டிய சாமான்கள் மட்டும் அவள் அலமாரியில் இருந்தன. மற்ற இரண்டுக்கும் கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "நான் வாயத் திறந்தா, யாவாரத்துக்குப் பேசுறாம்பாங்க. ஆள விடு."

மருதனின் மனம் கருடன் பக்கம் சாய்ந்தது. பாவம், பயந்தவனுக்குக் கெட்டே போகாத பொருள் என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

இதற்குள் குயிலி மெஷின்களுக்குக் குங்குமம் வைக்கத் தொடங்கியிருந்தாள். கருடனின் சங்கிலிப் பல்லிடுக்கில் அவள் விரலுக்கு ஏதோ அகப்பட்டது. ஒரு சாமந்தி இதழ். சருகாகக் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அந்த வருஷத்து மாலைகளோ இன்னும் ஈரம் சொட்டத் தாம்பாளத்திலேயே இருந்தன. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இதழைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"மாமா, எனக்கு வலி வந்தா நீ என் கையப் புடிச்சிருப்பியா, மெஷினப் புடிச்சிருப்பியா?"

"இதென்ன கேள்வி? உன் கையத்தான்."

"அப்ப மெஷின யாரு புடிக்கிறது?"

மெஷினைத் தொட்டே அறியாத ஜீப் டிரைவர் தவமணி அவசரமாக வானத்தைப் பார்த்தான். குயிலி சிரித்துக்கொண்டே மூன்றில் ஒன்றை நோக்கி விரலை நீட்டினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அவள் காட்டியது எதை? மூன்றில் நம்பத்தக்க மெஷின் எது?

விடை: மலையரசன். போன வருஷம் பூஜையில் விழுந்த இதழ் சங்கிலியிலேயே இருந்ததென்றால், கருடன் இடையில் ஒரு கிளையைக்கூட அறுக்கவில்லை. உழைக்காததற்குப் பழுது எப்படி வரும்? வெள்ளிவேல் நல்ல மெஷின்தான். ஆனால் ஆரோக்கியத்தையும் சேர்த்து ஜீப்பில் ஏற்ற வேண்டும். மலையரசன் மாதாமாதம் பட்டறைக்கு வந்தது ஊரே அதை எடுத்து உழைத்ததால். கெட்டாலும் அன்றைக்கே சரியாகிவிடும். யார் சுண்டினாலும் கிளம்பும். மருதன் புதிதாக ஒரு மலையரசன் வாங்கினான். தவமணிக்கு அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசியில் மரம் சாய்ந்தது. மருதன் ஜீப்புக்குள் குயிலியின் கையை விடாமல், தனக்குத் தெரியாத வேலைக்கு யோசனை சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, மழையில் தவமணி கயிற்றைச் சுண்டி மரத்தை அறுத்துத் தள்ளினான். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையின் பெயர் மலையரசி.