குண்டுமணியின் ஒரு காது

ஒரு ஊர்ல ஒரு குழி இருந்துச்சு ரோஸ்லி. ஊர் வேற எங்கயும் இல்ல, உன் ரத்தந்தான். குழி ஒரு நொதிக்குள்ள. நொதின்னா உடம்புல வேலைய சட்டுன்னு முடிச்சுக் குடுக்கிற ஆளு. அதுக்கு மேல அக்காகிட்ட கேக்காத. ம் சொல்லு.

குழியோட அடியில துத்தநாக அண்ணாச்சி உக்காந்திருந்தாரு. அவர் மடியில குண்டுமணின்னு ஒரு தண்ணி. கண்ணுக்கே தெரியாத பொடித் தண்ணி. தலை ஒண்ணு, காது ரெண்டு. அண்ணாச்சி இறுக்கிப் பிடிச்சிருந்தாரா, அத அது பாசம்னு நினைச்சுக்கிச்சு.

அப்போ நீ சாயங்காலம் தெருவுல ஓடுன, தொபுதொபுன்னு. உடம்புல கெட்ட காத்து சேர்ந்துச்சு. ஒரு காத்து புஸ்ஸுன்னு குழிக்குள்ள வந்துச்சு. இத அனுப்பணும்னா நீ இது மேல ஒட்டிக்கணும், ஒரு காதக் கழட்டுன்னாரு அண்ணாச்சி. குண்டுமணி மாட்டேன்னுச்சு. காத்து திரும்பிப் போச்சு. அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு. அதுக்கும் மாட்டேன். அப்புறம் வாசல்ல ஒரே கூட்டம். உனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. ம்?

மூணாவது காத்து வந்தப்போ குண்டுமணி கேட்டுச்சு, "என் காது திரும்பி வருமா அண்ணாச்சி?"

"ஒரு காது வரும்."

சரின்னு குடுத்துருச்சு. குழியிலேருந்து வாசல் வரைக்கும் தண்ணிங்க வரிசையா நிக்கும். அங்க ஒரு வழக்கம். வந்த காத மாட்டிக்கிட்டு, தன்னோடதக் கழட்டி அடுத்த ஆளுக்குக் குடுக்கணும். டக், டக், டக். கடைசியா வெளிய போனது யாரு காதுன்னு ஒருத்தருக்கும் தெரியல.

ஒத்தக் காதோட குண்டுமணி அந்தக் காத்து மேல ஒட்டிக்கிச்சு. காத்துக்கு ரெண்டு தலை, இதுக்கு ஒண்ணு. மூணு தலையா ரத்தத்துல மிதந்து போச்சு. திரும்பிப் பாத்தா, அண்ணாச்சி மடியில வேற தண்ணி உக்காந்தாச்சு. அதையும் இறுக்கித்தான் பிடிச்சிருந்தாரு.

அப்புறம் நுரையீரல் பக்கம் இன்னொரு குழி, இன்னொரு அண்ணாச்சி. அங்க ஒரு தலை அந்த ஒத்தக் காதோட கழண்டுச்சு. சொன்ன மாதிரி ஒரு காது வந்துச்சு, தண்ணியாயிருச்சு. மிச்ச ரெண்டு தலை காத்தாயிருச்சு. எந்தத் தலை கழண்டுச்சுன்னு கேக்காத. மூணும் ஒரே மாதிரி.

"இதுல நான் எது?"ன்னு குண்டுமணி கேட்டுச்சு. தண்ணியிலேருந்து கேட்டுச்சா, காத்துலேருந்து கேட்டுச்சான்னு அந்த அண்ணாச்சிக்கே புரியல. எனக்கும்தான்.

இப்ப ஊது. ஃபூ... அதுல போயிருக்கலாம். உள்ளயே இருந்தாலும் இருக்கலாம். மூச்சு அடங்கிருச்சுல்ல? கதையும் அடங்கிருச்சு. கண்ண மூடு.