பெயர் தைக்க மறுத்த ஆவுடையம்மையார்

உடைக்குப் பொத்தான் துளை தைப்பதைக் காஜா எடுப்பது என்பார்கள். தையல் தொழிலில் அதற்குக் கீழே வேறு வேலை கிடையாது. சென்னையில் "மிருணா" என்ற பெயரில் பட்டு உடைகள் செய்து விற்கும் பெரிய கடையின் பின்கட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் காஜா எடுத்தவர் ஆவுடையம்மையார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவர். கணவரோடு பட்டணம் வந்து, மூன்றாம் ஆண்டே அவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். கடையின் பெயர் நெய்த சிறு லேபிளை ஒவ்வொரு உடையின் கழுத்துக்குள்ளும் வைத்துத் தைப்பதும் அவர் பொறுப்பாக இருந்தது.

கடைக்குப் பின்தெருவில் அபயாம்பாள் கோயில். வெள்ளிதோறும் அம்பாளுக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுப்பதை அம்மையார் விரதமாகவே கொண்டிருந்தார். துணியும் அவருடையது, நூலும் அவருடையது. ஆண்டுக்கு ஒருமுறை கடை முதலாளி மிருணாளினி அம்மாள் தன் கையால் பட்டுத் துணி எடுத்துக் கொடுப்பார். அதையும் அம்மையாரே தைப்பார். அதில் ஒருநாளும் லேபிள் வைத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

மிருணாளினி அம்மாளுக்கு எழுபது வயதாயிற்று. கண் மங்கியது. கடையையும் அதன் பெயரையும் தமக்கை மகன் நிரஞ்சனிடம் ஒப்படைப்பதென்று முடிவு செய்தார். நிரஞ்சன் இத்தாலியில் உடை வடிவமைப்புப் படித்து வந்தவர். கெட்டிக்காரர்தான், ஆனால் கெட்டிக்காரர்களுக்கு எல்லா இடமும் கடைவாசலாகத் தெரிந்துவிடுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்தே கடைப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது, தான் வடிவமைத்த பாவாடையை அன்று அம்பாளுக்குச் சாத்துவது, பத்திரிகைக்காரர்களை அழைப்பது என்று ஏற்பாடாயிற்று. பாவாடையின் முன்புறத்தில் "மிருணா" என்று ஒரு சாண் அகலத்துக்குச் சரிகையில் பெயர் வரவேண்டும் என்றார். பெயர் தைக்கக் கைராசிக்காரர் என்று அம்மையாரைக் கூப்பிட்டார்கள்.

அம்மையார் துணியைத் தொடவில்லை.

"இதைத் தைக்க மாட்டேன், தம்பி."

"ஏன்? கோயில் டியூப்லைட்லகூட உபயம்னு பேர் எழுதியிருக்காங்களே?"

"டியூப்லைட்டு நமக்கு வெளிச்சம். பாவாட அவ மேனியில கெடக்கது. ஒரு பொம்பள ஒடம்புல இன்னொருத்தர் பேர ஒட்டுவியளா?"

"நாம விக்கிற எல்லா டிரஸ்லயும் லேபிள் இருக்கும்மா."

"அவங்க கடைக்கு வந்து வாங்குதாங்க. அம்பாள் ஒங்க கடைக்கு வந்தாளா?"

நிரஞ்சனின் முகம் சுருங்கியது. மிருணாளினி அம்மாள் தரையைப் பார்த்தபடி, "இனிமே கடை அவனோடது, ஆவுடை. அவன் சொல்றபடி செஞ்சிடு," என்றார். இத்தனை வருடம் கூட இருந்தவர் அப்படிச் சொன்னதுதான் அம்மையாருக்கு வலித்தது. ஆனாலும் கை நீளவில்லை. அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் கண்டால் சிரித்தார்கள். "அம்பாள் வந்து சம்பளம் குடுப்பாளாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "குடுக்காட்டியும் நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மையார் நடந்தார். வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தார். இரவுச் சாப்பாட்டை விட்டார். வெள்ளிக்கிழமைப் பாவாடையை விடவில்லை.

விழா நாள் வந்தது. கையில் மஞ்சள் பருத்திப் பாவாடையோடு வந்த அம்மையாரை, கடை மேனேஜர் வாசலில் மறித்தார்.

"இன்னிக்கு நம்ம ஃபங்ஷன், நாளைக்கு வாங்க."

"இது ஒங்க ஷோரூம் இல்ல. தள்ளு."

அவர் தள்ளித்தான் நின்றார். அம்மையார் உள்ளே போய்த் தூணோரம் நின்றார்.

அபிஷேகம் முடிந்து திரை விழுந்தது. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார், திரை விலகவில்லை. கடைசியில் சபேச குருக்கள் பட்டுப் பாவாடையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இதை எப்படிப்பா சாத்தறது? சுத்தி மூடித் தைச்சிருக்கேளே. அம்பாள் காலைத் தூக்க மாட்டாளே. தலை வழியா போட்டா நாலு கையும் தடுக்கறது."

நிரஞ்சன் திகைத்தார். அம்பாளின் உயரத்துக்கே கடைப்பொம்மை ஒன்று செய்து, அளவு பிசகாமல் தைக்க வைத்திருந்தார். பொம்மையை இடுப்போடு கழற்றி மாட்டலாம். கருங்கல்லை என்ன செய்வது? சாமி பாவாடை பின்பக்கம் திறந்து, நாடா கட்டி முடிவது என்பதை அந்தக் கடையில் அறிந்திருந்த ஒரே ஆளை அவரே வெளியே அனுப்பியிருந்தார்.

"பின்னால வெட்டிடலாமே?"

"சன்னதியில கத்தரிக்கோலா? வாயால சொல்லாதேள்," என்ற குருக்கள் கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். "ஆவுடையம்மா, கொண்டு வந்திருக்கியா?"

மஞ்சள் பாவாடை கை மாறியது. திரை விலகியபோது, பெயரில்லாத அந்தப் பருத்தியில் அபயாம்பாள் நின்றாள். புதுமணப்பெண்கூட அப்படி இருக்கமாட்டாள். கேமராக்காரர்கள் படம் எடுக்க மறந்தார்கள். மிருணாளினி அம்மாள் வாய்விட்டு அழுதார்.

குருக்கள் அர்ச்சனைத் தட்டோடு நிரஞ்சனிடம் வந்து, "யார் பேருக்கு?" என்றார். கடையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று முதல்நாளே பேசி வைத்திருந்தது. நிரஞ்சன் அம்பாளைப் பார்த்தார். தூணோரம் பார்த்தார்.

"அம்பாள் பேருக்கே," என்றார்.

அர்ச்சனை முடியும்போது அம்பாளின் வலத்தோளிலிருந்து ஒரு செவ்வரளி நழுவி விழுந்தது. வலப்பக்கம் பூ விழுந்தால் அது உத்தரவு. குருக்கள் அதை எடுத்துக்கொண்டு முதலாளியைக் கடந்தார், புது முதலாளியையும் கடந்தார். தூணோரம் வந்து அம்மையாரின் முந்தானையில் இட்டார்.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்கம்மா," என்றார் நிரஞ்சன், தலை நிமிராமல்.

"வாரேன். அவ துணியில மட்டும் கை வைக்காதீங்க," என்றார் அம்மையார்.

தாம் தைத்த ஆயிரமாயிரம் உடைகளில் ஊரார் பெயரை வைத்துத் தைத்து, ஒன்றிலும் தம் பெயரை வைக்காதவர் ஆவுடையம்மையார். அந்தப் பெயரை நாம் இங்கே எழுதி வைக்கிறோம், அபயாம்பாள் பொறுத்தருள்வாள்.