ஜாதிபத்திரி போட்ட காபி

கோயம்புத்தூரில் காபிக்கு குரு யார் என்று கேட்டால் சிவரஞ்சனியைத்தான் காட்டுவார்கள். வயது முப்பத்தைந்து. ஒரு வாய் குடித்துவிட்டு, கொட்டை எந்த மலை, வறுத்தவர் எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது குற்றம் சொல்கிற குரல் இருக்காது. வறுத்தவரே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அவருடைய சீடர் தண்டபாணிக்கு ஐம்பத்து மூன்று வயது. பம்ப்செட் உதிரிபாகக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, இனிமேல் கிரீஸ் வாடை வேண்டாம், காபி வாசனை போதும் என்று கிளம்பி வந்தவர். குரு சீடரை அண்ணா என்றார். சீடர் குருவை டீச்சர் என்றார். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கடை கடையாகப் போவார்கள். ஊருக்கு ஊர் ஒரே பலகை தொங்கவிடும் பெரிய கடைகளை குரு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யாரோ ஒருவர் தன் கிறுக்கை மட்டும் நம்பித் திறந்த கடைகள்தான் அவருக்கு வேண்டும். அப்படிப்பட்ட கிறுக்குகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாழ்க அவர்கள்.

பீளமேட்டில் ஒரு பெண் ஏலக்காயை உரித்து, உள்ளே இருக்கும் ஏலரிசியைப் பக்கத்துப் பலகாரக் கடைக்குக் கொடுத்துவிட்டு, தோலை மட்டும் காபிக்கொட்டையோடு டின்னில் போட்டு வைப்பாள். மணம் வந்ததே தெரியாது, போன பிறகுதான் தெரியும். சாய்பாபா காலனியில் ஒருவர் சுக்கையும் கருப்பட்டியையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறார். இன்னும் சரியாக வரவில்லை என்று அவரே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வார். அங்கேதான் கூட்டம் அதிகம்.

ஆடியில் குருவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. எழுந்த பிறகு பாடம் நடத்தும் முறை கொஞ்சம் மாறியது. முன்பெல்லாம் குரு முதலில் சொல்லுவார். இப்போது சீடரைச் சொல்லச் சொன்னார். பாடம் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது என்று தண்டபாணிக்கு உள்ளுக்குள் பெருமை.

ஆர்.எஸ்.புரத்தில் பழைய துணிக் கிடங்கில் ஒரு தம்பதி நடத்தும் கடை. ஆரஞ்சுத் தோல் போட்ட காபி வந்தது.

"என்னங்ணா தெரியுது?"

"கொட்டை ஏற்காடா இருக்கும்ங்க. தோலை வெயில்ல காய வெக்கலைங்க, நிழல்லதான் காய வெச்சிருக்காங்க. அதுதான் எண்ணெய் அப்படியே நிக்குதுங்க. கடைசியில லேசா ஒரு கசப்பு. உள்ள இருக்கற வெள்ளையைச் சரியாச் சுரண்டலைங்க."

குரு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துபோய் இருந்தது.

"நல்லா இருக்குதுங்களா?"

தண்டபாணி விழித்தார். "அதை நீங்கதானுங்க சொல்லோணும்."

குரு இன்னொரு காபி வரவழைத்தார்.

தண்டபாணியின் சொந்தக் கடை ராம்நகரில் தயாராகி நின்றது. மேசை நாற்காலி வந்தாகிவிட்டது. பலகை மாட்டியாகிவிட்டது. அவர் மனைவி வசந்தாமணி வெள்ளிக்கிழமை திறப்பு என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியும் விட்டார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்தக் கடைக்கென்று ஒரு காபி வேண்டும். வேறெங்கும் கிடைக்காத ஒரு மணம் வேண்டும். அதைக் குடித்து டீச்சர் சரி என்று சொன்னால்தான் கதவைத் திறப்பேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

தினம் மாலை ஒரு கலவை போட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்கள்.

வெனிலா போட்டார். "இன்னும் இல்லீங்ணா" என்றார் குரு.

ரோஜா இதழ் போட்டார். "இன்னும் இல்லீங்ணா."

ஹேசல்நட் என்கிற சீமைப் பருப்பை வாங்கி வந்து போட்டார். அதைக் குடித்துவிட்டு வசந்தாமணியே பிரமாதம் என்றார். குரு தலையை ஆட்டிவிட்டு எழுந்துகொண்டார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. தண்டபாணிக்குத் தூக்கம் போயிற்று. தனக்கு இந்த வித்தை வராது, பேசாமல் வால்வும் வாஷருமே விற்றிருக்கலாம் என்று மனைவியிடம் புலம்பினார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பொள்ளாச்சித் தோட்டக்காரர் ஒருவர் எப்போதோ கொடுத்த ஜாதிபத்திரி வீட்டில் இருந்தது. ஜாதிக்காயைப் போர்த்தியிருக்கும், பூவிதழ் போல் சிவந்த அந்தச் சவ்வில் ஒரு துண்டை முந்தின நாளே கொட்டையோடு மூடி வைத்திருந்தார். துண்டை எடுத்துவிட்டு அரைத்தார். டிகாக்‌ஷன் இறக்கினார். இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

குடித்தார்கள்.

"இதுதாங்ணா உங்க காபி" என்றார் குரு. "வெள்ளிக்கிழமை கதவைத் திறங்க."

தண்டபாணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். ஐம்பத்து மூன்று வயதில் பரீட்சை பாஸாவது சாதாரண விஷயமா என்ன?

வியாழக்கிழமை கடையில் வேலை நெட்டி முறித்தது. தண்டபாணி ஸ்டூலின் மேல் ஏறி வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். குரு உள்ளே அடுப்போரம் நின்று பெரிய பில்டரில் பொடியை நிரவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அடுப்பில் பால்.

வாசல் வரைக்கும் தீய்ந்த வாடை வந்தது. தண்டபாணி ஸ்டூலிலிருந்து குதித்து ஓடினார்.

பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, குரு நிதானமாகப் பொடியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! பாலு!"

குரு திரும்பிப் பார்த்தார். "அய்யோ, தீஞ்சுருச்சுங்களா?"

தண்டபாணி அடுப்பை அணைத்தார். வாடை தாங்காமல் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்.

"உங்களுக்குத் தெரியலீங்களா டீச்சர்?"

"இல்லீங்ணா."

"சளிங்களா?"

"ஆடியில காய்ச்சல் வந்துச்சில்லீங்களா? அதோட வாசனை போயிருச்சுங்ணா. மெல்லத் திரும்பும்னு டாக்டர் சொல்றாரு. இப்போதைக்குக் காபியும் வெந்நியும் எனக்கு ஒண்ணுதான்."

தண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். உறை கூடப் பிரிக்காத புது நாற்காலி அது.

"அப்ப ஆர்.எஸ்.புரத்துல குடிச்சீங்களே?"

"உங்க மூக்கை வெச்சுத்தாங்ணா குடிச்சேன். நீங்க சொல்லச் சொல்ல எனக்கு நாக்குல வந்துச்சு. நிழல்ல காய வெச்ச தோலுன்னு சொன்னீங்க பாருங்க, நான் நல்லா இருந்தப்பக் கூட அதைப் பிடிச்சிருக்க மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பாராட்டுக்கு அவர் தரையில் கால் பாவாமல் நடந்திருப்பார். இன்று அது காதில் ஏறவில்லை.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லலை?"

"சொல்லியிருந்தா வேற மூக்கைத் தேடிப் போயிருப்பீங்க."

அந்த நிமிஷமே தண்டபாணியின் மனது பெங்களூரில் இருக்கும் ஒரு காபிக்காரரை நினைத்துக்கொண்டிருந்தது.

குரு கருகிய பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். வேறு பாத்திரம் எடுத்துப் பால் ஊற்றினார். அடுப்பைச் சிறியதாக வைத்தார். இந்த முறை பாலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தண்டபாணிக்குக் கோபம் வந்தது. குருவிடம் அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு ஊரே வருதுங்க டீச்சர். வர்றவங்க ஒரு வாய் குடிச்சுப்போட்டுத் துப்புனா நான் எங்க போய் நிக்கறது? உங்களை நம்பித்தானுங்க கடையைத் திறக்கறேன். வெனிலா வேண்டாம்னீங்க. ரோஜா வேண்டாம்னீங்க. ஜாதிபத்திரி சரின்னீங்க. ருசியே தெரியாம எதை வெச்சுங்க சரின்னு சொன்னீங்க?"

பால் பொங்கி வந்தது. குரு அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"மத்ததையெல்லாம் ஒரு வாய் குடிச்சதும் என் மூஞ்சியப் பாத்தீங்ணா. இதைக் குடிச்சதும் டம்ளர்ல இன்னும் மிச்சம் இருக்குதான்னு பாத்தீங்க."